கொளஞ்சியின் ஞ

"என்ன சார்... அப்புடிப் பாக்கறீங்க?"

திருநாவுக்கரசு பின்னால் திரும்பிப் பார்த்தான். யாரும் இல்லை. கேள்வி தனக்குத்தான் என்று தெரிந்தது.

சிதம்பரம் பேருந்து நிலையம். மாலை நாலரை மணி. மழை விட்டு ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். எதிரே கடலூர் போகிற தனியார் பேருந்து நின்றிருந்தது. புது வண்டி. ஜன்னல்களுக்குக் கீழே, வண்டியின் நீளத்துக்கு, 'கொளஞ்சி' என்று சிவப்பு எழுத்து. தடித்த எழுத்து. வண்டி நிற்கும்போதும் ஓடுவது போலச் சாய்ந்த எழுத்து. நடு ஜன்னலில் உட்கார்ந்திருந்த பெண்தான் இப்போது இறங்கி வந்து அவன் முன்னால் நின்றாள். தோளில் பை. கையில் மடக்கிய குடை. குடையின் நுனியிலிருந்து தண்ணீர் அவன் செருப்பில் சொட்டியது.

"உங்களத்தான். பத்து நிமிஷமா நானும் பாக்கறேன்... கண்ணக் கொட்டாம பாத்துக்கிட்டே இருக்கீங்க. அக்கா தங்கச்சி கூடப் பொறக்கல?"

"பொறக்கல," என்றான் அரசு. அவன் ஒரே பிள்ளை.

அவள் இதை எதிர்பார்க்கவில்லை.

"நான் உங்களப் பாக்கல," என்றான்.

"பின்ன யாரப் பாத்தீங்க?"

"ஞ."

"என்னாது?"

"உங்க ஜன்னலுக்கு நேர் கீழ ஞ இருக்கு. அதப் பாத்துக்கிட்டு இருந்தேன்."

அவள் திரும்பி வண்டியைப் பார்த்தாள். மறுபடி அவனைப் பார்த்தாள். இடது கண்ணில் மை மழைக்குக் கரைந்து, கன்னத்தில் ஒரு கோடு போட்டிருந்தது. அரசு அதைக் கவனித்தான். கவனித்தோம் என்பதையும் உடனே கவனித்தான். பார்வையைச் செருப்புக்கு மாற்றிக்கொண்டான்.

அதற்குள் நடத்துநர் காத்தவராயன் ஓடி வந்தான். விசில் கழுத்தில் ஆடியது.

"டீச்சர், டீச்சர்... விட்டுடுங்க. இது நம்ம மச்சான். தப்பான ஆளு இல்ல. நம்ம வண்டிக்கு ஸ்டிக்கர் வெட்டி ஒட்டுனதே இவருதான். மச்சான், இவுங்கதான் மொதலாளி பொண்ணு. கொளஞ்சியம்மாள்."

அவள் முகத்தில் கோபம் போகவில்லை. இடம் மட்டும் மாறியது.

"ஓ... அது நீங்கதானா! மூணு வாரமா உங்களத்தான் தேடிக்கிட்டு இருக்கேன்."

தன்னை யாராவது தேடி எவ்வளவு காலம் ஆயிற்று என்று அரசு யோசித்தான். கணக்கு வரவில்லை.

"எனக்கு இந்த ஊரு ஸ்கூல்ல வேல. ஒன்பதாவது, பத்தாவதுக்கு சயின்ஸ் எடுக்கறேன். தெனம் காலையில நம்ம பஸ்ஸு ஸ்கூல் வாசல்ல நின்னு என்ன எறக்கி வுடுது. உள்ளேர்ந்து மொத்தப் பசங்களும் கத்துதுங்க... 'கொளஞ்சி வருது, கொளஞ்சி வருது'ன்னு. வருது! வராங்க கூட இல்ல, வருது! மணவாளநல்லூர் கொளஞ்சியப்பருக்கு வேண்டிப் பெத்தாங்க, அந்தப் பேர வச்சாங்க. சரி. அப்பா பஸ் வாங்குனாரு, பொண்ணு பேர வச்சாரு. அதுவும் சரி. ஓரமா, அடக்கமா எழுதக்கூடாதா? எதுக்கு இம்மாம் பெருசு?"

"இந்த எழுத்தச் சின்னதா போட்டா நல்லாருக்காது."

"ஏன் இப்பிடிச் சாஞ்சிக்கிட்டு நிக்குது?"

"ஓடுற வண்டி."

"நான் ஓடலியே!"

காத்தவராயன் சிரித்துவிட்டான். அவள் அவனை ஒரு பார்வை பார்த்தாள். அவன் விசிலை வாயில் வைத்துக்கொண்டான்.

வண்டி கிளம்புகிற நேரம். அவள் படியில் கால் வைத்தாள். பிறகு திரும்பினாள்.

"கடலூர்தான போறீங்க? ஏறலியா?"

"அடுத்த பஸ்ல வரேன்."

"ஏன்... எங்க பஸ்ஸுக்கு என்னா கொறச்சல்?"

"இது வளையற வரைக்கும் பாக்கணும்," என்றான். "எழுத்த."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு உள்ளே போனாள். சிரிப்பை அடக்கினாளா, கோபத்தை அடக்கினாளா... தெரியவில்லை. வண்டி வளைந்து வெளியேறியது. அரசு பார்த்துக்கொண்டே நின்றான். கொ தெரிந்தது. ள தெரிந்தது. சி கடைசிவரை தெரிந்தது. நடுவில் ஞ மட்டும் தூரம் போகப் போக உள்ளே அடைத்துக்கொண்டு, சிவப்பாக ஒரு உருண்டை ஆகிவிட்டது.

அது தப்பு என்று அவனுக்குத் தெரியும். திருத்த முடியாது என்பதும் தெரியும்.

*

அரசுவின் கடை கடலூர் திருப்பாதிரிப்புலியூரில், பேருந்து நிலையத்துக்குப் பின் தெருவில். முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. ஒரு கணினி. ஸ்டிக்கர் வெட்டுகிற இயந்திரம் ஒன்று. சுவரோரம் சுருள் சுருளாக ஸ்டிக்கர் தாள். வண்டிகளுக்குப் பெயர் வெட்டி ஒட்டுவது தொழில். படித்தது பி.எஸ்ஸி. கணிதம். படிப்பில் கோணம் மட்டும்தான் பிழைப்புக்கு உதவியது.

2005இல் அவனுக்கு ஒரு யோசனை வந்தது. கணினியில் கிடைத்த தமிழ் எழுத்துகள் பெரும்பாலும் புத்தகத்துக்கு என்று வரைந்தவை. பேருந்தின் மேல் போட்டால் அரிசி மூட்டை மேல் குருவி உட்கார்ந்தது போல இருக்கும். நேராக நிற்கிற எழுத்தைப் பிடித்துச் சாய்த்தாலோ, யாரோ தள்ளிவிட்டது போல இருக்கும். அவனுக்கு வேண்டியது பிறக்கும்போதே சாய்ந்து பிறந்த எழுத்து. தடிமனாக, நுனிகளில் எந்த அலங்காரமும் இல்லாமல், தூரத்திலிருந்து ஒரே பார்வையில் படிக்கும்படி. கட்டம் போட்ட தாளில் பன்னிரண்டு டிகிரிக்குக் கோடு இழுத்து ஒவ்வொன்றாக வரைய ஆரம்பித்தான்.

அதே வருடம் கல்யாணம். எழிலரசி. சொந்த அத்தை மகள். அவன் வரைகிற தாள்களை வாங்கிப் பார்த்து அவள் தீர்ப்பு சொல்வாள்.

"இந்த அ குண்டா இருக்கு, சோறு கம்மி பண்ணு."

"ழ-வுக்கு வாலு நீளம் மாமா... டயர்ல மாட்டிக்கும்."

அவன் வாலை வெட்டுவான்.

அடுத்த வருடம் அவளுக்கு ரத்தத்தில் ஏதோ என்றார்கள். புதுச்சேரி ஆஸ்பத்திரியில் நான்கு மாதம். அவன் தாளையும் பென்சிலையும் அங்கேயே கொண்டுபோனான். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. சுலபமான எழுத்துகள் முடிந்து, கஷ்டமானவை மிஞ்சின. எல்லாவற்றுக்கும் கடைசி ஞ. அதை வரைந்து ஒரு மத்தியானம் அவளிடம் நீட்டினான். "நல்லாருக்கு. இத இப்பிடியே விட்டுரு," என்றாள். நான்காம் நாள் போய்விட்டாள்.

அவன் அதை அப்படியே விட்டான்.

எழுத்துகளைக் கணினியில் ஏற்றினான். பெயர் கேட்டது. 'எழிலரசி' என்று அடித்தான். அதன் பிறகு நூறு வண்டிகளுக்கு மேல் ஒட்டிவிட்டான். எந்த வண்டியின் பெயரிலும் ஞ வரவில்லை. இரண்டு வருடம் கழித்து, 2008 அக்டோபரில், பொன்னுரங்கம் தன் புதுப் பேருந்துக்கு மகள் பெயரைக் கொண்டுவந்தார்.

அந்த இரண்டு வருடமும் சாப்பிட்டான், வெட்டினான், ஒட்டினான், தூங்கினான். அத்தை தைலம்மாள் கூடவே இருந்தாள். மகள் போன பிறகு அவளுக்கும் அவனைத் தவிர வேறு வீடு இல்லை. இருவரும் பருப்பு இருக்கிறதா, எண்ணெய் இருக்கிறதா என்று பேசிக்கொள்வார்கள். வேறு பேச்சு இல்லை.

*

சனிக்கிழமை காலை அந்தக் குடை கடை வாசலில் மடங்கியது.

"வரலாமா?"

"வாங்க டீச்சர்."

கொளஞ்சி பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தாள். பிரித்து மேசைமேல் வைத்தாள்.

"அன்னிக்கு நீங்க ஞ, ஞன்னு சொன்னீங்களே... எனக்கும் ஒரு இதுவாயிடுச்சு. நேத்து ஸ்கூல் வாசல்ல பஸ்ஸ ரெண்டு நிமிஷம் நிக்கவச்சி, ஒன்பதாவது பசங்கள வரிசையா நிறுத்திப் படிக்க வச்சேன். பத்தடி, இருவதடி, முப்பதடி, நாப்பதடி. பாருங்க. கொ நாப்பதடியிலயும் படிக்கறானுங்க. ள, சி ரெண்டும் பாஸ். ஞ இருவதடியிலயே ஃபெயிலு. ஒருத்தன் அத தக்காளின்றான்."

அரசு நோட்டைப் பார்த்தான். ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டிருந்தாள். மாணவர் பெயர்கள் வரிசையாக இருந்தன. கண்ணாடி போட்டவர்களுக்குத் தனிக் குறி.

"கரெக்டுதான்," என்றான்.

"தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும். உள்ள இருக்கற வெள்ளை பத்தல. தடி எழுத்துல அதான் பிரச்சன. உள்ள எடம் விடலன்னா தூரத்துலேர்ந்து பாக்கறப்ப மூடிக்கும்."

"அப்ப மாத்திடுங்க!"

"மாத்த முடியாது."

"ஏன்... மிஷின்ல கோளாறா?"

அவன் மேசையில் கிடந்த ஸ்டிக்கர் துண்டுகளைப் பொறுக்கினான். அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். பதில் வரும்வரை போகப் போவதில்லை என்பது போல. கண்கள் கடையைச் சுற்றின. பெரிய கண்கள். ஒரு பொருளைப் பார்த்தால் அதைக் கேள்வி கேட்டுவிட்டுத்தான் அடுத்ததுக்குப் போகும். கணினித் திரையில் வந்து நின்றன. எழுத்து வகைகளின் பட்டியல் திறந்திருந்தது.

"இதுல எதுங்க எங்க பஸ் எழுத்து?"

அவன் சுட்டினான்.

"எழிலரசி... நல்லா இருக்கே பேரு. யாரு இது?"

"என் வீட்டுக்காரி."

"ஓ..." அவள் நாற்காலியில் கொஞ்சம் பின்னுக்குப் போனாள். "உள்ள இருக்காங்களா?"

"இல்ல. எறந்துட்டா. ரெண்டு வருஷம் ஆச்சு." நிறுத்தினான். அவ்வளவோடு விட்டிருக்கலாம். ஏன் தொடர்ந்தான் என்று அவனுக்கே தெரியவில்லை. "அந்த ஞ-தான் அவ கடைசியாப் பாத்த எழுத்து. நல்லாருக்கு, இப்பிடியே விட்டுருன்னா."

வெளியே தூறல் பிடித்தது. கொளஞ்சி நோட்டை மெல்ல மூடினாள்.

"மன்னிச்சிடுங்க. எனக்குத் தெரியாது."

"பரவால்ல."

"ஆனா..." அவள் எழுந்தாள். குரல் தாழ்ந்துதான் இருந்தது. "எழுத்து உங்களுது. பேரு என்னுதுங்க. அதுக்கு நடுவுல தெனம் ஒரு தக்காளியோட ஊரு ஊராப் போறேன்."

அரசுவுக்குச் சுருக்கென்றது. இரண்டு வருடமாக ஒன்றும் சுருக்கென்று படாத மனிதன். அது கோபமாக வந்தது.

"வேற கடையில வேற எழுத்துல ஒட்டிக்கிங்க. எத்தனையோ கட இருக்கு. நானே வந்து பழச உரிச்சிக் குடுக்கறேன். இத மாத்த மாட்டேன்."

"சரி," என்றாள்.

குடை விரிந்தது. தெருமுனைவரை போவது தெரிந்தது. அவன் இயந்திரத்துக்குத் திரும்பினான். வெட்ட வேண்டிய பெயரைத் தப்பான அளவில் வெட்டினான்.

*

பத்து நாள் போயிற்று. காத்தவராயன் டீ குடிக்க வந்தபோது அரசு சாதாரணமாகக் கேட்பது போலக் கேட்டான்.

"உங்க வண்டியில ஸ்டிக்கர் மாத்திட்டாங்களா?"

"யாரு மாத்தறது? மொதலாளி சிதம்பரத்துல ஒரு கடக்காரன வரச் சொன்னாரு மச்சான். டீச்சர்தான் தொடக்கூடாதுன்னுட்டாங்க. 'இருக்கட்டும்ப்பா, நல்லாத்தான இருக்கு'ன்றாங்க. மூணு வாரம் மொறச்சிக்கிட்டுத் திரிஞ்ச பொண்ணு... என்னா ஆச்சின்னு எனக்கே புரியல. உனக்குப் புரியுதா?"

"இல்ல."

"உனக்கா புரியும்!" என்று டம்ளரை வைத்துவிட்டுப் போனான்.

மறுநாள் சாயங்காலம் அவளே வந்தாள். பள்ளியிலிருந்து நேராக. புடவை ஓரத்தில் சாக்பீஸ் தூள்.

"சண்ட போட வரல. வேல குடுக்க வந்தேன். ஸ்கூல்ல கண்காட்சி வைக்கறோம். வாசலுக்குப் பேனர் வேணும். அந்த எழுத்துதான் வேணும்."

துண்டுச் சீட்டை நீட்டினாள். அரசு படித்தான். 'அறிவியல் கண்காட்சி. அனைவரும் வருக. தலைமை: திரு. லூர்துசாமி.'

"நல்லாப் படிச்சிப் பாத்துக்குங்க," என்றாள். "ஒரு எடத்துலகூட ஞ வராது."

அவன் நிமிர்ந்தான்.

"ஹெச்.எம்.மு 'விஞ்ஞானக் கண்காட்சி'ன்னுதான் எழுதியிருந்தாரு. ரெண்டு ஞ! நான் விடுவேனா? அறிவியல்னாதான் நல்ல தமிழ்னு அர மணி நேரம் பேசி மாத்துனேன். அது முடிஞ்சி பாத்தா, தலைமை தாங்க வரவரு பேரு ஞானப்பிரகாசம்."

"அய்யய்யோ."

"அதான! அவருக்கு வயசாயிடுச்சி, மைக்கு முன்னாடி தூங்கிடுவாருன்னு சொல்லி, லூர்துசாமிய ஏற்பாடு பண்ணிட்டேன். பாவம் ஞானப்பிரகாசம்... அவரு எனக்கு என்னா பண்ணாரு?"

அரசு சிரித்தான். முதலில் மூக்கு வழியாக வந்தது. பிறகு நிறுத்த முடியவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். வீட்டுக்குள் பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது. கொளஞ்சி சிரிக்கவில்லை. அவன் சிரிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள், தேர்வில் ஒரு மாணவன் எதிர்பாராமல் சரியான விடை எழுதியதைப் பார்ப்பது போல.

"வரேன்," என்று கிளம்பினாள். வாசலில் நின்றாள். மழை வருமா என்று மேலே பார்த்தாள். முதுகைக் காட்டியபடியே சொன்னாள்:

"அடுத்த வெள்ளிக்கிழம குறிஞ்சிப்பாடிலேர்ந்து வராங்க. என்னப் பொண்ணு பாக்க."

அரசுவின் சிரிப்பு முகத்திலேயே காய்ந்தது.

"யாருன்னு கேக்க மாட்டீங்களா?"

"யாரு?"

"கேக்கச் சொல்லிக் கேட்டா அது கணக்குல வராது..." என்று இறங்கிப் போனாள்.

தைலம்மாள் முந்தானையில் கை துடைத்துக்கொண்டு கடைக்கு வந்தாள்.

"யாருடா அந்தப் பொண்ணு?"

"பஸ்காரரு பொண்ணு."

"நீயா சிரிச்ச? நான் ரேடியோன்னு நெனச்சேன்."

அவன் சீட்டை மடித்தான். பிரித்தான். பிறகு ஏனோ இழுப்பறையைத் திறந்து பழைய தாளை எடுத்து வைத்தான். பென்சிலில் வரைந்த ஞ.

"அந்தப் பொண்ணு இத மாத்தச் சொல்லுது அத்த. அது சொல்றதுதான் சரி. ஆனா எழிலு இத இப்பிடியே விடச் சொன்னா. நீயும்தான பக்கத்துல இருந்த. அவ பாத்து, நல்லாருக்குன்னு..."

"எங்க பாத்தா?" என்றாள் தைலம்மாள்.

"என்ன அத்த?"

"அவ எங்கடா பாத்தா? அவ போடற கண்ணாடி என் மடியிலதான இருந்திச்சி. அந்த வாரம் முச்சூடும் அவளுக்குக் கண்ணு சரியாத் தெரியல. நீ காலையிலேர்ந்து பச்சத்தண்ணி குடிக்காம அத வரைஞ்சிக்கிட்டு ஒக்காந்திருந்த. நல்லாருக்குன்னு சொன்னாத்தான் நீ எழுந்து போவன்னு அவ அப்பிடிச் சொன்னா. நீ போனப்புறம் கேட்டேன், 'என்னாடி வரஞ்சிருக்கான்?'னு. 'தெரியலம்மா... பேப்பருன்னு மட்டும் தெரிஞ்சிச்சி. மாமா மொதல்ல சாப்புடட்டும்'னா."

அரசு அந்த மத்தியானத்தை நினைத்துப் பார்த்தான். ஆஸ்பத்திரி வாசலில் இரண்டு பொட்டலம் தயிர்சாதம் சாப்பிட்டான். எழுத்து நன்றாக வந்துவிட்டது என்ற திருப்தியில் சாப்பிட்டான்.

"ஏன் இத்தன நாளு சொல்லல?"

"நீ கேட்டாதான? நீ இத ஒரு எழுத்தா வச்சிருக்கன்னு நெனச்சேன். இப்பிடிக் கும்புட்டுக்கிட்டு இருக்கன்னு எனக்கென்னா தெரியும்?" தைலம்மாள் தாளை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். "கண்ணாடி போட்டிருந்தா அவளே திட்டியிருப்பா. மூக்கடைப்பு வந்த மாதிரி இருக்கு."

அவள் உள்ளே போய்விட்டாள். பாத்திரச் சத்தம் மறுபடி கேட்டது.

அரசு பென்சிலைச் சீவினான். முனை ஒடிந்தது. மறுபடி சீவினான். மறுபடி ஒடிந்தது. மூன்றாவது முறை நின்றது. கட்டம் போட்ட தாளில் பன்னிரண்டு டிகிரிக்கு ஒரு கோடு இழுத்தான்.

ஐந்து நாள் ஆயிற்று. வெளிக்கோட்டின் தடிமனைக் குறைக்காமல் உள்கோட்டை மட்டும் மெலிய வைத்தான். உள்ளே வெள்ளை வந்தது; ஆனால் எழுத்து பக்கத்தில் நிற்கிற ள-வைவிட நோஞ்சானாகத் தெரிந்தது. வயிற்றை அரை விரல் அகலப்படுத்தினான். இப்போது சாய்வு பின்வாங்கியது. காலை முன்னால் நகர்த்தினான். ஒவ்வொரு முறையும் அச்சடித்து எதிர்வீட்டுச் சுவரில் ஒட்டி, தெருவின் இந்தக் கடைசியிலிருந்து பார்த்தான். எதிர்வீட்டு மாரியம்மாள், "என்னா தம்பி, தெனம் ஒரே எழுத்த ஒட்டற? பள்ளிக்கூடம் வைக்கப் போறியா?" என்றாள். செவ்வாய்க்கிழமை அவளையே நிற்கவைத்துக் கேட்டான். "ஞ," என்றாள். "இதுல என்னா கஷ்டம்?"

*

புதன்கிழமை. சிதம்பரம் பேருந்து நிலையக் கூரைக்கு அடியில் வண்டி அரை மணி நேரம் நிற்கும். அரசு பழைய ஞ-வின் ஓரத்தில் பிளேடு நுனியைக் கொடுத்து நெம்பினான். மெதுவாக உரிந்து வந்தது. கிழிக்காமல் எடுத்துச் சுருட்டிப் பைக்குள் வைத்தான். துணியால் துடைத்தான். புதியதை வைத்து, காற்றுக் குமிழி வராமல் தேய்த்தான். காத்தவராயன் இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அடேங்கப்பா... மூச்சு விடுது மச்சான்."

கொளஞ்சி வந்தாள். எழுத்தைப் பார்த்தபடியே பின்னால் நடந்தாள். இருபதடி. முப்பதடி. நாற்பதடியில் ஒரு ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். அவள் நகரவில்லை. மழை ஆரம்பித்தது. குடையை விரிக்காமல் நின்றாள். அவ்வளவு தூரத்தில் அவள் கண் தெரியவில்லை. ஆனால் புறங்கையால் துடைத்துக்கொண்டது தெரிந்தது. மழையாகவும் இருக்கலாம்.

திரும்பி வந்து, "பாஸு," என்றாள். வண்டியில் ஏறினாள்.

அரசுவும் ஏறினான்.

பெண்கள் பக்கம் அவள். நடைபாதைக்கு இந்தப் பக்கம் அவன். மழையில் ஜன்னல்களை எல்லாம் இழுத்து மூடிவிட்டார்கள். கண்ணாடிக்கு வெளியே ஊர்கள் கரைந்து போய்க்கொண்டிருந்தன. எஞ்சின் இரைச்சலில் பக்கத்து ஆள் பேசுவதே கேட்காது. பி. முட்லூர் போயிற்று. புதுச்சத்திரம் போயிற்று. ஆலப்பாக்கம் நெருங்கும்போது அரசு அவள் பக்கம் சாய்ந்தான்.

"வெள்ளிக்கிழம அவுங்கள வர வேணாம்னு சொல்லிடுங்க."

"என்னா?"

"குறிஞ்சிப்பாடிக்காரங்கள..."

"கேக்கல!"

சாலையில் புளியமரக் கிளை விழுந்து கிடந்தது. ஓட்டுநர் பிரேக் போட்டார். அரசு முழுக் குரலையும் கூட்டிக்கொண்டு வாயைத் திறந்த அதே நொடியில் எஞ்சினை அணைத்தார்.

"எனக்கு உங்களப் பிடிச்சிருக்கு!"

வண்டி முழுக்கக் கேட்டது. ஐம்பது தலைகள் திரும்பின. மழை மட்டும் கூரைமேல் கொட்டிக்கொண்டிருந்தது.

"எப்பா, பின்னாடி சரியாக் கேக்கல... இன்னொரு தபா சொல்லு!" என்றாள் கடைசி இருக்கையில் பூக்கூடையோடு இருந்த அம்மாள்.

"மெதுவாவே சொல்லுப்பா, அதான் வண்டி நின்னுடுச்சே," என்றார் இன்னொருவர். சிரிப்பு பரவியது. காத்தவராயன் டிக்கெட் கட்டால் முகத்தை மறைத்துக்கொண்டு, "எல்லாம் எறங்கி ஒரு கை பிடிங்கப்பா, கெளைய நவுத்தணும்," என்று ஆண்களை ஓட்டிக்கொண்டு இறங்கினான். அரசுவும் எழுந்தான். "நீ ஒக்காரு மச்சான். உனக்கு இங்க வேல இருக்கு," என்று தோளை அழுத்திவிட்டுப் போனான்.

கொளஞ்சி மடியிலிருந்த பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தாள். காது மடல் சிவந்திருந்தது.

"இவ்ளோ பெருசாத்தான் சொல்லுவீங்களா? சின்னதாச் சொல்ல வராதா?"

"எனக்கு ஏற்கெனவே ஒரு கல்யாணம் ஆயிடுச்சு," என்றான். குரலை இறக்கிக்கொண்டான். "அவள மறந்துட்டேன்னு சொல்ல மாட்டேன். சொன்னா பொய்."

"மறக்கச் சொன்னனா? ஒரு எழுத்த மாத்தச் சொன்னேன். அதயும் அப்புறம் வேணாம்னு விட்டுட்டேன்."

"ம்."

"குறிஞ்சிப்பாடிக்காரங்க வெள்ளிக்கிழம வராங்க. நீங்க நாளைக்கே வாங்க. பொண்ணு கேட்டு யாரக் கூட்டிக்கிட்டு வருவீங்க? அப்பா அம்மா இல்லன்னு காத்தவராயன் சொன்னாரு."

"அத்தைதான். எழிலோட அம்மா."

அவள் பையின் வாரை விட்டாள்.

"அவுங்களே வந்து கேப்பாங்களா... எனக்காக?"

"கேப்பாங்க."

"எங்க அப்பா சத்தம் போடுவாரு. ரெண்டாந்தாரமான்னு கேப்பாரு. அன்னிக்கு மாதிரி கோவம் வந்து, வேற எடம் பாத்துக்கிங்கன்னு எழுந்து போயிடுவீங்களா?"

"மாட்டேன்."

"அத்த அழுதாங்கன்னா?"

வெளியே ஆண்கள் ஏலோ என்று கத்திக் கிளையை இழுக்கிற சத்தம் கேட்டது.

"அழுவாங்க," என்றான். "நானும் அழுவேன்னு நெனைக்கறேன்."

அவள் அவனை நேராகப் பார்த்தாள்.

"அழுங்க," என்றாள். "நான் உள்ள போவ மாட்டேன். அங்கியே நிப்பேன்."